அத்தையை யாரும் டிஸ்டர்ப் பண்ணவில்லை

ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஆங்கில வினைச்சொற்களில், மூன்று காலத்தையும் இன்றும் தடுமாறாமல் எனக்குச் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். டிஸ்டர்ப், டிஸ்டர்ப்டு, டிஸ்டர்ப்டு. மற்றவையெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே பறந்துவிட்டன. இது மட்டும் போகவில்லை. இனிமேல் போகாது என்றும் தெரிந்துவிட்டது.

எங்கள் வகுப்புக்குப் பக்கத்து அறையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் கொஞ்சம் சலசலத்தால் போதும், டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டி, “டோன்ட் டிஸ்டர்ப்!” என்று கத்துவார். அந்தக் கட்டிடத்திலேயே பெரிய சத்தம் அதுதான். தலைமையாசிரியர் அந்தச் சத்தத்திலும் எப்படித் தூங்கினார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

ஒருநாள் டீச்சர் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து, “பாவு கலையறது டீச்சர்” என்றேன். நெசவாளர் தெருவில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு நாய் குறுக்கே ஓடினால் போதும், அன்றைய பொழுது முழுக்கச் சிக்கெடுப்பதில் போய்விடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பாவாடையை இடுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டித்தான் போவோம். டீச்சர் சிரித்துவிட்டு, சரியாகத்தான் சொல்கிறாள் என்றார். பலகையில் ‘கலைத்தல், தொந்தரவு செய்தல்’ என்று எழுதிப் போட்டார். அன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் என்னைவிட ஆங்கிலம் தெரிந்தவர் யாருமில்லை என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். கொழுப்புத்தான்.

அப்போது அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பாவோடு தறியில் உட்காருவது அவள்தான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ளுகிறவர் ஒருவர். அத்தை கல்யாணமாகிப் போன பிறகு அந்தப் பக்கத்து இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். அம்மா வேலையில் குறைவில்லை. ஆனால் அத்தை உட்கார்ந்தால் தறிச் சத்தத்தோடு அவள் வாயும் ஓடும். தெருவில் யார் யாரோடு சண்டை, எந்த வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று லொடலொடவென்று பேசிக்கொண்டே நாடாவைத் தள்ளுவாள். ஒரு இழை பிசகாது. அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார் என்பது மட்டும் அவர் முகத்தில் தெரியும்.

வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவள், வந்த அன்றே எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள்.

“கொழந்த பொறந்ததும் மொதல்ல உன் மடியிலதான்டி போடுவேன். ஆட்டாம புடிச்சிக்கணும், தெரிஞ்சிதா?”

அன்றிலிருந்து தலையணையை மடியில் போட்டு ஆட்டாமல் பிடித்துப் பழகினேன். அம்மாகூட கேலி செய்தாள்.

பொங்கல் முடிந்த பிறகு வலி எடுத்தது. குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் போயின. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, காப்பித் தூக்கோடு அம்மாவின் பின்னாலேயே நானும் போனேன். அம்மா என்னை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கீழே வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. என்னிடம் வந்து, “இத கொஞ்சம் புடிமா” என்று மூட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். பெண் குழந்தை. தலை நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. காது மடல் அத்தையினுடையதைப் போலவே நுனியில் மடங்கியிருந்தது. இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, கடுகளவு ஒரு மச்சம். நகம்கூட இருந்தது. நான் ஆட்டவில்லை. தலையணையில் பழகியபடியே பிடித்திருந்தேன். தூங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விரலைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. அப்பா திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்ததும் மூட்டையை வாங்கித் துணியை இழுத்து மூடினார்.

“நீ பாத்தத யார்கிட்டயும் சொல்லாத. அத்தகிட்ட சொல்லவே சொல்லாத.”

அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். மாமாவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவர் வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. மூட்டையைப் புதைக்க வேகவதி ஆற்றங்கரைக்கு அப்பா ஒருவராகத்தான் நடந்து போனார். பிரசவ மயக்கத்தில் கிடந்த அத்தைக்குக் குழந்தையைக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான். தாய்க்குக் காட்டக் கூடாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாது, மறந்துவிடுவாள் என்பார்கள். மறப்பதற்கு முதலில் எதையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அத்தையை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னார், “நல்லா ரெஸ்ட் எடுக்கணும். கொஞ்ச நாள் டிஸ்டர்ப் பண்ணாதீங்க.”

இப்போது யோசித்தால், உடம்பு தேறும்வரை தண்ணீர் தூக்கச் சொல்லாதீர்கள், தறியில் உட்கார வைக்காதீர்கள் என்பதுதான் அந்த அம்மாள் சொல்ல வந்தது. எத்தனையோ பேருக்கு ஒரே நாளில் சொல்கிற வாக்கியம். ஆனால் அப்பாவுக்கு அது வேதவாக்கு. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “டிஸ்டர்ப்னா இன்னாமா?” என்று கேட்டார். முதல் தடவையாக அப்பா என்னிடம் ஒரு அர்த்தம் கேட்கிறார். நான் நிமிர்ந்து நின்று, “பாவு கலையற மாதிரிப்பா. கிட்டயே போவக் கூடாது” என்றேன்.

அப்பா நேரே போய்த் தறியை நிறுத்தினார்.

எங்கள் தெருவில் தறி இரண்டு காரணங்களுக்குத்தான் நிற்கும். மாதம் ஒருமுறை அமாவாசை. இல்லையென்றால் தெருவில் சாவு. சாவு விழுந்தால் சங்கு ஊதும், சங்குச் சத்தத்தைத் தொடர்ந்து ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் அடங்கும். பிணம் எடுத்த பிறகுதான் மறுபடி கிளம்பும். இப்போது இரண்டும் இல்லாமல் எங்கள் வீட்டுத் தறி மட்டும் நின்றது. அத்தையைப் படுக்க வைத்திருந்தது தறிக்கு அடுத்த சின்ன அறையில், நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சத்தம் தங்கையைத் தொந்தரவு செய்யும் என்று அப்பா நினைத்தார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் அவள். அது தெரியாதவரா அவர்? ஆனால் வேறு எதைத்தான் அவரால் செய்ய முடிந்திருக்கும்? கையில் இருந்ததை நிறுத்தினார்.

நான் என் பங்குக்குச் சிலேட்டில் பெரிய ஆங்கில எழுத்தில் ‘டோன்ட் டிஸ்டர்ப்’ என்று எழுதி, அத்தையின் அறைக்கதவில் சாத்தி வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் படித்தும் காட்டினேன்.

சாயங்காலம் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கடைத்தெருவுக்குப் போய் மூன்று முழம் மல்லிகைப்பூ வாங்கி வர வேண்டும். தினமும். அம்மா அதை வாங்கிக்கொண்டு அத்தையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மறுநாள் பார்த்தால் அத்தையின் தலையில் ஒரு பூ இருக்காது. மூன்று முழப் பூவையும் என்ன செய்கிறாள்? எனக்கு ஒரு கிள்ளுகூடக் கொடுக்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எனக்கே பிள்ளை பிறந்து, பால் கட்டி நான் துடித்த ஒரு மத்தியானம், பூக்காரி குரல் தெருவில் கேட்டது. அப்போது புரிந்தது. அன்றைக்கு அழுத அழுகை எனக்காக இல்லை.

மாமா ஒருநாள் முசரவாக்கத்திலிருந்து வந்தார். பலகாரப் பொட்டலம் ஒன்று கையில். நடையில் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். பிறகு மாமா மெதுவாக எழுந்து என் பக்கம் வந்து, “தூங்குதா?” என்று கேட்டார். உள்ளே அத்தை புரண்டு படுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் தலையை ஆட்டி, “ஆமா மாமா. டிஸ்டர்ப் பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாங்க” என்றேன். மாமாவும் படித்தவர் இல்லை. ஆங்கிலத்தில் சொன்னால் பயந்துவிடுகிற மனுஷர். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் வந்துபோனது அத்தைக்குத் தெரியாது. பலகாரத்தில் பாதியை நான் தின்றேன்.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். இரண்டு குழந்தைகளைப் பெற்று இரண்டையும் தொட்டிலிலேயே பறிகொடுத்தவள். அதனால் சீமந்தம், வளைகாப்பு என்றால் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் வந்து நின்று சிலேட்டைப் பார்த்தாள்.

“இன்னா பாப்பா எழுதி வெச்சிக்கிற?”

படித்து அர்த்தமும் சொன்னேன்.

“அய்யோ, ஒத்தையா உட்டுட்டா எப்டிமா?” என்று அம்மாவிடம் திரும்பினாள். “நான் கொஞ்ச நேரம் கூட உக்காந்துக்கினு இருக்கறன். அழட்டும்மா. அழ உடுங்க.”

“வேணாங்க்கா. கஷ்டப்பட்டு இப்பத்தான் கம்முனு இருக்குது. கிளறிடாதீங்க” என்றாள் அம்மா.

அந்த அக்கா என்னைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். எங்கள் வீட்டுப் படியை மிதித்தவர்களில் அத்தைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளையும் துரத்தியாயிற்று. ஒரு ஆளைத் தடுத்து அனுப்பிவிட்டேன் என்று எனக்குத் திருப்தி.

அத்தை கம்மென்றுதான் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதிக்கு மேல் மிச்சமாக வெளியே வரும். ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள், அப்பா வெளியே போயிருந்தார். உள்ளேயிருந்து அத்தை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது. கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். சுவரில் ஒரு கை.

“தெருவுல யாருடி செத்துட்டாங்க?”

“யாரும் சாவலியே அத்தே.”

“பின்ன தறி ஏன் நிக்கிது?”

“உனக்காகத்தான் நிறுத்தி வெச்சிக்கிது அப்பா.”

“எனக்காகவா” என்றாள். அவ்வளவுதான். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அப்பாவின் அன்பைச் சரியாக எடுத்துச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையைவிட அவள் கை சூடாக இருந்தது.

“நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தியாமே. பாத்தியாடி?”

நான் கதவைப் பார்த்தேன்.

“உங்கம்மாவ கேட்டா படுத்துக்கோன்றா. அண்ணன கேட்டா எழுந்து போயிடுது. நீ சொல்லு கண்ணு. ஆணா, பொண்ணா? அத மட்டும் சொல்லு போதும். நான் அழ மாட்டேன்.”

சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. பெண், அத்தே. முடி இவ்வளவு. உன் காது. காலில் மச்சம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பாவின் கை என் தலைமேல் இன்னும் இருப்பது போல இருந்தது. டாக்டரும் சொல்லியிருக்கிறார், டீச்சரும் தினமும் சொல்கிறார், நானே சிலேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை பேர் பேச்சை மீறுவதா? கையை உருவிக்கொண்டு சொன்னேன்.

“உன்ன டிஸ்டர்ப் பண்ணக் கூடாது அத்தே.”

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எந்த அகராதியிலும் போடவில்லை. பிறகு படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நான் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

அந்த வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். படித்த வினைச்சொல் ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். மற்ற பிள்ளைகள் ‘பூனை பாலைக் குடித்தது’ என்கிற மாதிரி எழுதி வந்தார்கள். நான் எழுதினேன்: ‘ஐ டிட் நாட் டிஸ்டர்ப் மை ஆன்ட்.’ டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தார். பிழையே இல்லை என்றார். சிவப்பு மையில் ‘குட்’ என்று போட்டு, கீழே கோடும் இழுத்தார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் ‘குட்’. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டி அர்த்தமும் சொன்னேன். அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாராட்ட வாய் வரவில்லையே என்று எனக்குக் கோபம்.

மாசி பிறந்ததும் மாமியார் வீட்டிலிருந்து அழைத்துப்போக வந்தார்கள். வெறும் கையோடு பெண்ணை அனுப்புகிறோமே என்று அம்மா ஒரு கூடை நிறையச் சாமான் கட்டினாள். வண்டி வாசலில் வந்து நின்றது. அத்தை புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தறியருகே ஒரு நிமிடம் நின்றாள். பாதி நெய்த புடவை அப்படியே கிடந்தது. கோர்வைக்காரி உட்காரும் மணையை விரலால் தொட்டாள், ஒட்டியிருந்த தூசியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அப்பா வாசலில் நின்று வண்டிக்காரனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். பேச ஒன்றும் இல்லாதபோதும் அப்பா அப்படித்தான் யாரிடமாவது எதையாவது பேசுவார்.

வண்டியில் ஏறுமுன் அத்தை குனிந்து என் மோவாயைப் பிடித்தாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“முடி இருந்திச்சாடி?”

இதற்குப் பேசக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குப் பயம். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றேன்.

“சரி கண்ணு” என்றாள் அத்தை. “நல்லா படி.”

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா உள்ளே வந்து தறிக்குழியில் இறங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு சத்தம் கிளம்பியது. எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஆனால் அந்த ரகசியம் என்னை விடவில்லை. தலையணையைப் பார்த்தால் ஞாபகம் வரும். யாராவது ஈரத் தலையோடு நின்றால் ஞாபகம் வரும். அடுத்தமுறை அத்தை வந்தால், அப்பா இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன். அதற்குள் அவள் உடம்பு தேறியிருக்கும், அப்போது சொன்னால் டிஸ்டர்ப் ஆகாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். சித்திரையில் பள்ளிக்கூட லீவுக்கு வருவாள். இன்னும் இரண்டு மாதம்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், மாமாவின் தம்பி சைக்கிளில் வந்தார். அன்று எனக்கு அரை நாள் பள்ளிக்கூடம். கொல்லையில் தெருப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அத்தை அன்று விடிகாலையில் இறந்துபோயிருந்தாள். காய்ச்சல் என்றார்கள், சோறே இறங்கவில்லை என்றார்கள். இதெல்லாம் நான் பின்னால் பொறுக்கிச் சேர்த்தது. அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளையை எதற்கு டிஸ்டர்ப் பண்ண வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தறி சட்டென்று நின்றது. தெருவில் சங்கு ஊதவில்லை. மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அமாவாசையும் இல்லை. எங்கள் வீட்டுத் தறி மட்டும் நிற்கிறது என்றால் ஒரே காரணம்தானே இருக்க முடியும்? அத்தை வந்துவிட்டாள்!

உள்ளே ஓடினேன். அப்பா தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்தார், நாடா கையில் இருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு புதுப் புடவையை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனாள். அத்தைக்குப் புதுப் புடவை கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அது சரிதான். பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு, கடைசியாகப் போர்த்துவது, அதற்கென்று எடுத்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம்.

அத்தைதான் அழுகிறாள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. அழட்டும், அழுது முடிக்கட்டும், பிறகு உள்ளே போகலாம். பரண் மேலிருந்து சிலேட்டை எடுத்து, பாவாடையால் துடைத்து, பழையபடி பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் சாத்தினேன். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூந்தலை அவிழ்த்தபடி உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டு அக்காவும் அவர்களோடு இருந்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, “அத்த உள்ள இருக்குது. டிஸ்டர்ப் பண்ணாதீங்க” என்றேன். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்தாள்.

எனக்கு அவளைக் கவனிக்க நேரமில்லை. கதவு திறந்ததும் மறக்காமல் சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பொண்ணு, அத்தே. தலை நெறைய முடி. காது உன்ன மாதிரியே. எடது கால்ல ஒரு மச்சம். மொதல்ல என் மடியிலதான் போட்டாங்க. ஆட்டாமத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்.